மேக்பை கொத்தாமல் விட்டது

மடிக்கணினி ‘டிங்’ என்றது. போனி விசையை ஓங்கி அறைந்தாள். திரையைப் படம்பிடிக்கும் மேக்பை மென்பொருள் உடனே விரிந்தது. கறுப்பு வெள்ளைப் பறவைச் சின்னமும் பளபளக்கும் பொத்தான்களும் வந்து நின்றன. அப்புறம் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, ஒருவழியாக அது பிடித்துக் கொடுத்த படத்தில் ‘சிக்னல் இல்லை’ என்ற சிவப்பு எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

“போச்சு!” என்றாள் போனி. “கண்ணால பார்த்தேன்யா. நம்பர் வந்துச்சு, வந்த வேகத்துல போயிடுச்சு.”

அறையில் இருந்த எல்லோரும் டங்கனைப் பார்த்தார்கள். அவன் தன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெல்சன் ஊர் மீட்புக் குழுவுக்குத் தீயணைப்பு நிலையத்தின் பின்னால் ஓர் அறை உண்டு. சுவர் நிறைய மலை வரைபடம், மூலையில் யாரோ கொண்டுவந்து வைத்த போர்ஷ் சூப் அண்டா, நடுமேசையில் மாகாண அரசு கொடுத்த பழைய மடிக்கணினி. வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டும் போனி ஸ்ட்ராண்ட்தான் இந்த அறைக்குத் தலைவி. மலையில் யாராவது காணாமல் போனால் அவள் சொல்வதுதான் சட்டம்.

இன்று காணாமல் போனவள் மாரா கல்மகோஃப். விடிகாலையில் தனியாகப் பனிச்சறுக்குக் கட்டைகளோடு டௌலிங் முகட்டுக்கு ஏறியவள், காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. முகட்டில் பனி சரிந்திருப்பதை ஒரு விமானி பார்த்துச் சொன்னான். அவளுடைய கார் மேற்கு அடிவாரத்தில் நின்றதால் தேடும் ஆட்கள் அத்தனை பேரும் மேற்குச் சரிவில் பனியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையின் அகலத்தோடு பார்த்தால் அது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதைதான்.

ஒரே ஒரு பிடி இருந்தது. மாராவின் கைபேசிக்கு அவ்வப்போது ஒரு நொடி கோபுரத்தின் சிக்னல் கிடைத்தது. கிடைத்தால், தொலைபேசி நிறுவனம் மீட்புக் குழுவுக்குத் திறந்துவிட்டிருந்த பக்கத்தில் ‘டிங்’ என்ற சத்தத்தோடு அவள் இருக்கும் இடத்தின் எண்கள் வந்தன. வந்த மறுகணமே பக்கம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு ‘சிக்னல் இல்லை’ என்று துடைத்துவிட்டது. அந்தப் பக்கத்தை எந்தப் புண்ணியவான் வடிவமைத்தானோ, வந்த எண்ணை எங்கும் எழுதிவைக்க அவனுக்குத் தோன்றவில்லை. நிறுவனத்தைக் கூப்பிட்டால் பியானோ இசை கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. கைபேசியால் திரையைப் படம்பிடித்தும் பார்த்தார்கள். பழைய திரையின் மினுக்கலில் அந்தப் பொடி எழுத்துகள் எறும்பு நசுங்கியது போல விழுந்தன. மடிக்கணினியில் வேறு மென்பொருள் எதையும் ஏற்ற முடியாது. மாகாண அரசு பூட்டு போட்டு வைத்திருந்தது. திரையைப் படம்பிடிக்க அதில் இருந்தது மேக்பை மட்டும்தான். அதையும் இதே குழுவில் தொண்டு செய்யும் மாராதான் ஒரு வருடம் அதிகாரிகளின் உயிரை எடுத்து அனுமதி வாங்கி ஏற்றியிருந்தாள்.

மேக்பையைச் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மாரா. இன்னொருவன் டங்கன்.

“இது முன்னாடி இப்படி இல்லையே,” என்றாள் போனி. “முன்னாடி தொறக்கத்தான் லேட்டாகும். தொறந்துச்சுன்னா ஒழுங்கா எடுக்கும். இப்ப சட்டுனு தொறக்குது, எடுக்க மாட்டேங்குது. என்னப்பா பண்ணி வச்சிருக்க?”

“ஸ்டார்ட் ஆகற நேரத்தைக் குறைச்சோம்,” என்றான் டங்கன்.

குறைத்தோம் என்று பன்மையில் சொன்னது பொய். குறைத்தவன் அவன் மட்டும்தான். மேக்பை திறக்க நான்கு விநாடி ஆகிறது என்று பயன்படுத்துபவர்கள் திட்டிக்கொண்டே இருந்தார்கள். டங்கனுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. எதை உண்மையில் வேகமாக்குவது என்று மண்டையை உடைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தில்லுமுல்லைச் செய்தான். சாளரத்தை முதலில் காட்டிவிட்டான். திரையைப் பிடிக்கிற பகுதியைப் பின்னால் தள்ளி, ஆள் பார்க்காத நேரத்தில் மெதுவாக ஏறிக்கொள் என்று விட்டுவிட்டான். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் அது புதிதாக ஏற வேண்டியிருந்தது. கடிகாரத்தைச் சாளரம் தெரிந்ததும் நிறுத்தினான். ஒரு விநாடி! தன் புத்தம் புதிய கணினியில் பத்து முறை சோதித்தான். அதில் எல்லாமே ஒரு விநாடிதான். ‘நான்கு மடங்கு வேகம்’ என்று அறிவித்தான். பாராட்டுகள் வந்து குவிந்தன.

மாரா மட்டும் பாராட்டவில்லை. “கடை ஷட்டரைத் தூக்கிட்டு, உள்ள சரக்கே இல்லாம கல்லாவுல உட்கார்ந்திருக்க,” என்று சொன்னாள். நேற்று மாலை அதையே இன்னும் காரமாகச் சொன்னாள். அவன் கத்தினான். அவளும் கத்தினாள். நாளைக்கு நான் மலைக்குப் போகிறேன், உன் மூஞ்சியைப் பார்க்க முடியாது என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

‘டிங்.’

போனி அறைந்தாள். பறவை வந்தது. வட்டம் சுற்றியது. சிக்னல் இல்லை.

ஜன்னலோரம் நின்றிருந்த மாராவின் கணவன் வெஸ் திரும்பிப் பார்த்தான். மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்கிற பெரிய உருவம்.

“இதைச் சரி பண்ண முடியுமா, முடியாதா?” என்று கேட்டான்.

முடியும் என்பதுதான் பிரச்சினை. சரிசெய்தது ஏற்கெனவே இருந்தது.

“முடியும்,” என்று சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து கணினியை எடுத்தான்.

மூன்று வாரத்துக்கு முன் மாரா மேக்பைக்கு ஒரு புது வழியை எழுதி முடித்திருந்தாள். அதன்படி, மேக்பை தொடங்கும்போதே எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளும். அவசரப்படாது. அதற்கப்புறம் திரையில் ஓடிய கடைசிச் சில விநாடிகளை எப்போதும் ஞாபகத்தில் வைத்திருக்கும். விசையை அழுத்தினால், அழுத்துவதற்கு முன்னால் திரை எப்படியெல்லாம் இருந்தது என்று வரிசையாகப் படங்களை எடுத்து நீட்டும், வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். கை தாமதித்தாலும் கண் தவறவிட்டாலும் கவலை இல்லை. ஆனால் திறக்க ஒன்பது விநாடி ஆகும்.

ஒன்பது! டங்கனால் அந்த எண்ணை விழுங்க முடியவில்லை. ஒரு விநாடி என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு ஒன்பதுக்குப் போவதா? அவர்களுக்குள் ஒரு விதி உண்டு: ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வெளியே போகும். டங்கன் ஒரு வெள்ளிக்கிழமை தன்னிச்சையாக அனுப்பிய ஒன்று பாதிப் பேருடைய திரையைக் கறுப்பாக்கிய பிறகு மாரா போட்ட விதி அது. அந்த விதியையே அவன் அவளுக்கு முட்டுக்கட்டையாகப் போட்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நேர்மையாக இருந்திருக்கும். இந்தப் பெயர் நன்றாக இல்லை, மாற்று என்றான். அவள் மாற்றினாள். இங்கே ஒரு இடைவெளி அதிகம் என்றான். எடுத்தாள். இந்தக் குறிப்பு புரியவில்லை என்றான். விளக்கி எழுதினாள். நோகாமல் கழுத்தை அறுக்க இந்தத் தொழிலில் இதைவிட நல்ல வழி கிடையாது.

இப்போது மாராவின் வேலை காத்திருந்த பக்கத்தைத் திறந்தான். மேலே ‘டங்கனின் அனுமதிக்குக் காத்திருக்கிறது’ என்று மஞ்சள் பட்டை. கடைசியாக மாரா நேற்றிரவு எழுதியிருந்த வரி: “இதையும் மாத்திட்டேன். வேற என்ன?”

அவன் ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தினான். உடனே சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது. அவளுடைய வேலையும் அவனுடைய தில்லுமுல்லும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டன. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். டங்கன் தன்னுடையதை அழிக்க ஆரம்பித்தான்.

“எவ்வளவு நேரம் ஆகும், ராசா?” போனி அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். “ஹெலிகாப்டர்காரன் கேட்கறான். வெளிச்சம் போச்சுன்னா பறக்க மாட்டான். மேல காத்து வேற எழும்புதாம்.”

“இதை அழிச்சிட்டு பில்ட் பண்ணணும். கொஞ்ச நேரம்.”

“கொஞ்சம்னா பஸ் டிரைவர் கொஞ்சமா, உங்க ஆளுங்க கொஞ்சமா? உங்க ஆளுங்க கொஞ்சம்னா அடுத்த மாசம்னு அர்த்தம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அவசரத்தில் ஒரு வரியைக் கூடுதலாக அழித்துவிட்டான். எழுதியதையெல்லாம் ஓடக்கூடிய ஒன்றாகக் கட்டுகிற வேலை, அதைத்தான் பில்ட் என்றான், பாதியில் குப்புற விழுந்தது. அழித்ததைத் திரும்ப எழுதினான். மறுபடி கட்டத் தொடங்கியபோது, நடுமேசையில் மறுபடியும் ‘டிங்’.

போனி பழைய மேக்பையையே அறைந்தாள். வேறென்ன செய்வாள்? சிக்னல் இல்லை.

“உயிரோடதான் இருக்கா,” என்று வெஸ் தனக்குத்தானே சொன்னான். “போனை உசத்திப் பிடிச்சு ஆட்டிட்டு இருக்கா. எனக்குத் தெரியும்.” பிறகு திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

பில்ட் முடிந்தது. டங்கன் அனுப்பும் பொத்தானின் மேல் கையை வைத்துக்கொண்டு போனியைப் பார்த்தான்.

“ஒரு விஷயம் சொல்லணும். இதை டெஸ்ட் பண்ணவே இல்லை. இப்ப அனுப்பினா உலகத்துல மேக்பை வச்சிருக்கற எல்லாருக்கும் போகும். அது போகட்டும். இந்த லேப்டாப்புல ஏறும்போது மிஷினே உறைஞ்சு போச்சுன்னா, அந்த போன் கம்பெனி பக்கம் மூடிக்கும்.”

“மூடினா மறுபடி திறக்கலாம்ல?”

“அந்த லிங்க் ஒரு தடவைதான் திறக்கும்னு அவங்க சொன்னாங்க. நீங்கதானே பேசினீங்க?”

போனியின் முகத்தில் ஈயாடவில்லை. இருபது வருடமாக மலையோடு மல்லுக்கட்டியவள், ஒரு மடிக்கணினியைப் பார்த்து இப்படி மிரண்டு யாரும் பார்த்ததில்லை. இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு அடுத்த ‘டிங்’குக்குக் காத்திருக்கலாம், அதையும் கோட்டை விடுவோம். மாற்றினால், இருக்கிற ஒரே கயிறும் அறுந்துபோகலாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“வெஸ், உன் பொண்டாட்டி. நீ சொல்லு.”

வெஸ் மேசைக்கு வந்தான். “இதை எழுதினது யாரு? இவனா?”

“மாரா,” என்றான் டங்கன்.

“முழுசா அவளா?”

“முழுசா அவதான். நான் என்னோடதை எடுத்தேன், அவ்வளவுதான்.”

“அப்பப் போடு.”

டங்கன் பொத்தானை அழுத்தினான். போனி பழைய மேக்பையை மூடினாள். புதியது இறங்குவதைக் காட்டும் பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதியில் நின்றது. போனி பற்களுக்கு நடுவே தேவனையும் அவர் குமாரனையும் கூப்பிட்டாள். கோடு மறுபடி ஊர்ந்து முடிந்தது.

மேக்பை தொடங்கியது. பறவைச் சின்னம் இல்லை, பளபளப்பு இல்லை. ஓரத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம் மட்டும். மவுஸை அசைத்தால் அம்பு அசையவில்லை. திரை உறைந்து நின்றது. ஒன்பது விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று டங்கனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தன் கணினியில் கடிகாரம் வைத்து அளந்தபோது தெரியாத நீளம் அது.

அம்பு அசைந்தது. தொலைபேசி நிறுவனத்தின் பக்கம் அப்படியே இருந்தது. சாம்பல் சதுரம் பச்சையானது.

“இப்ப அவ போன் திரும்பப் பேசணும்,” என்றாள் போனி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

காத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஏரிக்கு அந்தப் பக்கத்து மலையின் தலையில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. ஹெலிகாப்டர் விமானி வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் காத்திருப்பேன், அப்புறம் இயந்திரத்தை அணைத்துவிடுவேன் என்றான். போனி அவனிடம் கெஞ்சினாள், பிறகு மிரட்டினாள். உன் பிள்ளைகளைத் தினமும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகிறவள் நான், நினைவிருக்கட்டும் என்றாள். அவன் இன்னும் கொஞ்சம் என்றான்.

வெஸ் டங்கனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். குரலை உயர்த்தாமல் கேட்டான்.

“இதை அவ எப்ப எழுதினா?”

டங்கன் மென்று விழுங்கினான். “முன்னாடியே.”

“முன்னாடின்னா?”

“மூணு வாரம் ஆச்சு.”

“மூணு வாரமா எங்க இருந்துச்சு?”

“என்கிட்ட. நான் ஓகே சொல்லணும். சொல்லல.”

வெஸ் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றான். அறுபட்ட மரம் எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று பார்த்து நிற்பவர்களின் பார்வை. அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவே டங்கன் நின்றான். உண்மையைச் சொன்னால், அடித்தால் தேவலை என்றிருந்தது.

“ஏன்?” என்றான் வெஸ்.

“திறக்க லேட்டாகும்னு.”

‘டிங்.’

போனி விசையை அழுத்தினாள். இந்த முறை அறையவில்லை, பதமாக அழுத்தினாள். திரையில் சீட்டுக்கட்டை விரித்தது போல வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள் வந்தன. சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை. நான்காவதில் வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பு எண்கள். போனி அதைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு இலக்கமும் முத்துமுத்தாக நின்றது.

அவள் சத்தமாக வாசிக்க, ஒருவன் சுவர் வரைபடத்தில் விரலை நகர்த்தினான். விரல் மேற்குச் சரிவைத் தாண்டியது. முகட்டைத் தாண்டியது. கிழக்கே, யாருமே போகாத ஓடைப் பள்ளத்தில் போய் நின்றது.

“அடப்பாவிங்களா!” என்றாள் போனி. “நாம மலைக்கு அந்தப் பக்கம்ல தோண்டிட்டு இருக்கோம்!” வயர்லெஸ்ஸைப் பறித்து விமானியிடம் எண்களை ஒப்பித்தாள். அவன் திருப்பிச் சொல்லச் சொல்ல, பின்னால் விசிறிகள் வேகமெடுக்கும் சத்தம் கேட்டது.

டங்கனின் கைபேசி சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தான். ‘அப்டேட் போட்டதிலிருந்து திறக்கவே மாட்டேங்குது, தூங்குறீங்களா?’ என்று ஒருவர். ‘ஒன்பது விநாடியா? பழசைக் கொடுங்கடா’ என்று இன்னொருவர். அவன் அதை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

விமானி அவளைக் கண்டுபிடித்தபோது மலையின் தலையிலிருந்தும் வெயில் இறங்கியிருந்தது. “கையை ஆட்டறாங்க,” என்று வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது. “ஒரு கால் சரியா இல்ல. ஆனா கையை ஆட்டறாங்க.” அறையே கத்தியது. போனி அழுதுகொண்டே சூப் அண்டாவைக் கிண்டினாள். யாருக்கு வேண்டும் என்று கேட்காமலே கிண்ணம் கிண்ணமாக ஊற்றி வைத்தாள். வெஸ் மேல்கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினான்.

ஹெலிகாப்டர் மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கிற திடலில் இறங்கியது. டங்கன் வேலிக்கு வெளியே நிற்கலாம் என்றுதான் போனான். கால்கள் உள்ளே கொண்டுபோய் விட்டன. ஸ்ட்ரெச்சரில் மாரா சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் வந்த செவிலி, பாதத்தின் விரல்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது, உறைந்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாராவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

“வெஸ்,” என்றாள். நாக்கு குழறியது. “போன்ல கோடு வந்துச்சு. மதியத்துலேர்ந்து ஏழெட்டு தடவை வந்துச்சு. ஒவ்வொரு தடவையும், பார்த்துட்டாங்க, இதோ வந்துடுவாங்கன்னு வானத்தையே பார்த்துட்டிருந்தேன். ஏன் வரல?”

வெஸ் அவள் தலைப்பக்கத்திலிருந்து ஒதுங்கி, டங்கனுக்கு இடம் விட்டான்.

டங்கன் குனிந்தான். காற்றில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

“பார்த்தோம், மாரா. மேக்பையால பிடிக்க முடியல. நீ எழுதினதை இன்னைக்குச் சாயங்காலம்தான் ஓகே பண்ணினேன்.”

மாரா அவனையே பார்த்தாள். அவள் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியவள் அல்ல. எந்த வரி எங்கே மோதியிருக்கும், எந்த வட்டம் எத்தனை நேரம் சுற்றியிருக்கும் என்பது வரை அந்தப் பார்வையிலேயே கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். அப்புறம் முகத்தைக் கணவன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“குளிருது,” என்றாள். “உள்ள கூட்டிட்டுப் போ.”